ஜீவானந்தம் தன் கையாலேயே மாட்டின கூடை

"இனிமேல் என் கேரம் பலகை மேல ஒரு வத்தல்கூட காயக் கூடாது" என்று ஜீவானந்தம் சபதம் எடுத்தான். எடுக்கும்போது பலகையில் ஐம்பது அறுபது வெண்டைக்காய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. சபதத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்திலேயே பெண்டாட்டி செந்தாமரை காக்கா ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லேசுப்பட்ட பலகை இல்லை அது. கணியம்பாடியில் கல்யாணத்துக்கு முன்னால் பொங்கல் போட்டியில் அவனுக்கு ரெண்டாம் பரிசாகக் கிடைத்தது. போட்டியில் ஆடினதே மூணு பேர்தான் என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. செல்போன் ரிப்பேர் கடை போட ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறி வந்தபோது, சாமான் எல்லாவற்றையும் பஸ் மேலே போட்டுவிட்டு, இதை மட்டும் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். புதுப்பெண்டாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை வளைவுக்கும் நின்றுகொண்டே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டது எல்லாம் எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கும்.

இந்த ஏழு வருஷத்தில் அந்தப் பலகைக்கு ஓய்வே கிடையாது. வெயில் அடித்தால் வத்தல். மழை அடித்தால் ஜன்னலுக்கு அடைப்பு. மகள் பூஜாவுக்குச் சறுக்குமரம். பூரி தேய்க்க ஒரு தரம். கேரம் ஆடத்தான் ஒருநாளும் முடியவில்லை.

அவர்கள் இருந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டு வீடு உள்ள ஒரு மாடிக் கட்டடம். கீழே கடைக்கு விடலாம் என்று ஓனர் ஒரு நீளமான ஹால் கட்டியிருந்தார். மூணு வருஷமாகக் கடை வரவில்லை. உடைந்த கட்டிலும் சிமெண்டுச் சாக்கும் வந்தது. யார் வீட்டுக் கோழியோ வந்து முட்டை போட்டுவிட்டுப் போனது. ஓனர் போனில் சொல்லிவிட்டார்: "பொதுவா வெச்சிக்குங்க. சுத்தம் பண்ணி சுண்ணாம்பு அடிக்கிறது உங்க செலவு. எங்கிட்ட ஒரு ரூபா கேக்காதீங்க."

அன்றைக்கே ஜீவானந்தத்தின் கண்ணுக்கு அந்த ஹால் வேறு மாதிரி தெரிந்தது. நடுவில் கேரம் பலகை. சுற்றி ஆம்பளைங்க. பொம்பளைங்க வாடையே இல்லை. வத்தலும் இல்லை.

ஆனால் அந்த ஹால் மேல இன்னும் சில பேருக்கும் கண் இருந்தது. மாசி பிறந்தால் எட்டு வீட்டுப் பொம்பளைங்களும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பார்கள். படி எல்லாம் பிசுபிசு என்று இருக்கும். ஏறி வருகிறவன் செருப்பு மூணாவது படியில் நின்றுகொள்ளும், ஆள் மட்டும் நாலாவது படிக்குப் போவான். ஏறுகிறவன் பொம்பளைங்களைத் திட்டுவான். பொம்பளைங்க அவன் காலைத் திட்டுவார்கள். ஒரு வருஷம் பூஜா புளிச்சட்டி மேலேயே விழுந்து, தலைமுடியில் ஒட்டின புளியை எடுக்க ரெண்டு நாள் ஆனது. 'கதவு வெச்ச ஒரு எடம் இருந்தா பிள்ளைங்களையும் உள்ள வுட்டுட்டு நிம்மதியா வேலை செய்யலாமே' என்று செந்தாமரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஜீவானந்தம் எத்தனையோ தடவை அதைக் கேட்காமல் இருந்திருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டையும் ஹால் வாசலில் கூட்டினான். தொண்டையைச் செருமினான்.

"இந்த ஹாலு எல்லாருக்கும் பொது. அழகு பண்ணணும். வூட்டுக்கு இருநூத்தம்பது போடுங்க. ரெண்டாயிரத்துல நான் முடிச்சிக் காட்றேன்."

"பொதுன்னா எங்களுக்குந்தானே?" என்று கேட்டாள் மாடிவீட்டு ரேணுகாதேவி. ஷேர் ஜீப் ஓட்டுகிற மாதையனின் பெண்டாட்டி. அவள் மாடியில் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

"உங்களுக்கு இல்லாமயா? நல்ல நாளு கெட்ட நாளுன்னா நீங்கதானே."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம ஆம்பளைங்க கொஞ்சம் குந்திப் பேசிகினு இருப்போம்."

"திங்கக்கெழம?"

"பேச்சு பாக்கி இருக்கும்ல."

"அப்ப நாங்க புளிய எங்க குந்தி எடுக்கிறது?"

"அதான் படிக்கட்டு காலியாத்தானே இருக்குது!"

ரேணுகாதேவி முந்தானையை இழுத்துச் செருகினாள். அது அவளுக்கு ஜீப் கியர் போடுகிற மாதிரி. அடுத்தது வண்டி ஏறிவிடும். அதற்குள் செந்தாமரை அவள் கையைப் பிடித்தாள்.

"வுடு யக்கா. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்." புருஷன் பக்கம் திரும்பி, "சரிங்க" என்றாள். அரிசி டப்பாவிலிருந்து இருநூத்தம்பதை எடுத்து முதல் ஆளாகக் கொடுத்தாள்.

ஜீவானந்தம் அங்கேயே உஷார் ஆகியிருக்க வேண்டும். ஏழு வருஷத்தில் செந்தாமரை அந்த மாதிரி "சரிங்க" சொன்னது மொத்தம் ரெண்டு தடவை. முதல் தடவை சொன்ன பிறகு அவன் முதல் பைக் மச்சான் வீட்டுக்குப் போனது. ரெண்டாவது தடவை சொன்ன பிறகு அவன் மீசை போனது. இது மூணாவது. ஆனால் அவன் கண்ணில் சிவப்புக் காய் மட்டும்தான் தெரிந்தது.

வேலை ஆரம்பித்தது. ஜீவானந்தமும் மாதையனும் குப்பையை அள்ளினார்கள், கோழியைத் துரத்தினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். நீலம் கொஞ்சம் தூக்கலாக விழுந்து, ஹால் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி ஆனது. ரெண்டு டியூப் லைட் போட்டார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். கையிருப்பு நூத்தி நாப்பது ரூபாய்க்கு வந்து நின்றது. தரைக்கு விரிக்க ஒன்றும் இல்லை. மாதையன் மச்சான் கல்யாணத்துக்கு வைத்த பெரிய பேனர் மாடியில் சுருட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து விரித்தார்கள்.

ரேணுகாதேவி எட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணன் மூஞ்சி மேல ஏறி நின்னு இன்னா பண்றே நீ?"

"தரை அளக்குறேன்மே" என்றான் மாதையன்.

"எறங்கு மொதல்ல!"

மாதையன் மச்சானை விட்டு இறங்கி, மச்சானைக் குப்புறப் போட்டான். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

இனி ஒரே ஒரு குறை. எதிர்ச்சுவரில் மேலே ஒரு ஈரக்கறை. மாடிவீட்டுத் தண்ணி கசிந்து, சினை எருமை படுத்திருக்கிற மாதிரி ஒரு கறை. சுண்ணாம்பு அடித்தாலும் மறுநாள் எருமை எழுந்து வந்துவிடும். சினிமா நடிகர் படம் மாட்டலாம் என்றால், எந்த நடிகர் என்று எட்டு வீட்டிலும் அடிதடி வரும்.

அப்போதுதான் ஜீவானந்தம் போனில் ஒரு வீடியோ பார்த்தான். பட்டணத்தில் ஒரு அம்மா பெரிய வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சுவர் எல்லாம் கூடை. முறம். கதிர்க்கட்டு. 'கிராமத்து ஐட்டம்தான் இப்ப டிரெண்டு' என்றாள். ஒரு கூடை விலையைக் கேட்டு ஜீவானந்தத்துக்குத் தலை சுற்றியது. அந்தக் கூடை மாமியார் வீட்டில் நாய் படுக்கக் கிடக்குமே!

"ஏ செந்தா, உங்க அம்மா வூட்ல பழய கூட எதாவது கீதா?"

செந்தாமரை அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கூட இருக்குதுங்க. கூரையில தொங்கினு இருக்கும், ஒண்ணு. உருண்டையா, சாணி மெழுகி. ஆனா வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"அது உங்களுக்குச் சரி வராதுங்க. வேணாம்."

வேண்டாம் என்று சொன்னால் ஜீவானந்தத்துக்கு வேண்டும். இது பூஜாவுக்குக்கூடத் தெரியும். மறுநாள் காலையிலேயே பைக்கை எடுத்தான்.

மாமியார் ஊர் தேன்மரப்பட்டு, மலைக்குள் பத்து மைல். அவன் போனபோது மாமனார் சடையன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவன் எப்போது போனாலும் அவர் பெருக்கிக்கொண்டுதான் இருப்பார். சுத்தமான மனுஷன் என்று ஜீவானந்தம் நினைத்துக்கொள்வான். மாமியார் பெரியம்மாள் வெளியே வந்தாள்.

"வாங்க மாப்ள. செந்தா போன்ல சொல்லிச்சி. கூட வேணுமாமே?"

"ஆமா அத்த. எங்க ஹாலுக்கு. டெக்கரேசன்."

"அங்க யாரு கையால மாட்டுவீங்க?"

"என் கையாலதான் அத்த."

"நல்லா யோசன பண்ணிட்டீங்களா?"

"கூட மாட்ட யோசன இன்னாத்துக்கு அத்த!"

சடையன் பெருக்குவதை நிறுத்தினார். மருமகனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பெரியம்மாள் அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மறுபடியும் பெருக்கினார்.

கூடை பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. மூங்கில் பின்னி, சாணி மெழுகி, வாயை வைக்கோலால் அடைத்து மண் பூசியிருந்தது. கனமாகவும் இருந்தது. அந்தக் காலத்துச் சாமான், கனமாகத்தான் இருக்கும் என்று ஜீவானந்தம் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். ரெண்டு சாமைக் கதிர்க்கட்டும் ஓசியில் கிடைத்தது.

எருமைக்கு நேராக ஆணி அடித்தான். தன் கையாலேயே கூடையை மாட்டினான். ரெண்டு பக்கமும் கதிர்க்கட்டு. மிச்சம் இருந்த நூத்தி நாப்பது ரூபாய்க்கு சீரியல் லைட் வாங்கி, கூடையைச் சுற்றிக் கட்டி, சுவிட்சைப் போட்டான். கூடை கொஞ்ச நேரம் சிவப்பாக எரிந்தது, அப்புறம் பச்சையாக எரிந்தது, அப்புறம் மினுக்கியது. எருமை போன இடம் தெரியவில்லை.

"எப்டிமே?" என்றான்.

செந்தாமரை கண்ணை விரித்துப் பார்த்தாள். "லைட்டு வேற போட்டீங்களா!" என்றாள். அவளே எதிர்பார்க்காத சந்தோஷம் அது. அதை ஜீவானந்தம் தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூணு மணிக்குத் திறப்பு விழா. வத்தலை எல்லாம் முறத்துக்கு மாற்றிவிட்டு, பலகையைத் துடைத்து, தலைமேல் தூக்கிக்கொண்டு ஜீவானந்தம் கீழே வந்தான். ஸ்டூல் மேல் வைத்தான். பவுடர் தூவினான். காய் அடுக்கினான். சிவப்புக் காயை நடுவில் வைத்தபோது அவன் கண் கலங்கியது. ஏழு வருஷம்!

முதலில் வந்தது மாதையன். வாயில் பீடி. பின்னாலேயே மற்ற வீட்டு ஆம்பளைங்க. மாதையன் வாசல்படியில் ஒரு கால் வைத்தான். மேலே பார்த்தான். வைத்த காலை எடுத்தான். பீடியைக் கீழே போட்டு மிதித்தான். மிதித்த செருப்பையும் கழற்றினான்.

"வாண்ணா, நீதான் முதல்ல அடிக்கணும்."

"இன்னா ஜீவா அது, மேல மினுக்குது?"

"டெக்கரேசன். சோக்கா இருக்குதுல்ல?"

"டேய், அது வெதக்கூடடா!"

"கூடதான். நான் ஒண்ணும் குடம்னு சொல்லலியே."

"உள்ள வெத இருக்குதா?"

ஜீவானந்தத்துக்குத் தெரியாது. பத்து மைல் பைக்கில் வந்த கனம் இப்போதுதான் முதுகில் உறைத்தது. திரும்பினான். கதவோரம் செந்தாமரை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழு வீட்டுப் பொம்பளைங்க.

"இருக்குதுண்ணா" என்றாள், கோயிலில் பேசுகிற மாதிரி சின்னக் குரலில். "எங்க அம்மா வூட்டு சாமை வெத. ரெண்டு ஏக்கராவுக்கு."

மலைக்கார ஆம்பளைங்க அத்தனை பேரும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடிவாரத்துக்காரன் ஜீவானந்தம் மட்டும் செருப்போடு நின்றான்.

"ஏன்மே எங்கிட்ட சொல்லல?"

"வேணாங்கன்னு சொன்னேனேங்க. ரெண்டு தபா சொன்னேன்."

ஜீவானந்தம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ரெண்டு தபாதான்.

"சரி வெத இருந்தா இன்னா? அது பாட்டுக்கு அது தொங்கட்டும். நாம பாட்டுக்கு ஆடுவோம்."

செந்தாமரை பதறிப்போனாள். "ஐயோ, அப்டிச் சொல்லாதீங்க. வெத தொங்குற எடத்துல செருப்பு வரக்கூடாது. பீடி வரக்கூடாது. ஜெயிக்கிற தோக்குற ஆட்டம் ஆடவே கூடாது. தோத்தவன் வயிறெரிஞ்சா வெத கருகிடும்."

"யாரு சொன்னது?"

"எங்க ஊர் வழக்கங்க. அப்பால..." தயங்கினாள். சொல்ல அவளுக்கே மனசு வராத மாதிரி தரையைப் பார்த்தாள். "மாட்டுன கைதான் தெனம் காலையில எடத்தப் பெருக்கணும். சாயங்காலம் வெளக்கு வெக்கணும். வெதைக்கிற வரைக்கும்."

ஜீவானந்தம் மாதையனைப் பார்த்தான். "ஏண்ணா, நீயும் மலைக்காரன்தானே. இப்டி ஒரு சட்டம் கீதா?"

மாதையன் தலையைச் சொறிந்தான். "செருப்பு, பீடி சரி. ஆனா ஆட்டம், வெளக்கு, பெருக்குறதுன்னு எங்க ஊர்ல இம்மாம்..."

ரேணுகாதேவி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"...இம்மாம் இல்ல. ஆனா அது அவங்க ஊர் வெத. அவங்க ஊர் சட்டந்தான் அதுக்கு" என்று முடித்தான் மாதையன்.

"அப்ப எறக்கிடலாம்!" ஜீவானந்தம் ஸ்டூலை இழுத்தான். சிவப்புக் காய் உருண்டு ஓடியது.

"எறக்குறியா?" ஆம்பளைங்களே கத்தினார்கள். "நடுவுல எறக்கி ஆனியில மொளைக்காமப் போச்சின்னா? ரெண்டு ஏக்கராவுக்கு உங்க அத்தைக்கு நீ பதில் சொல்லுவியா?"

ஜீவானந்தம் பெரியம்மாளின் முகத்தை நினைத்துப் பார்த்தான். ஸ்டூலிலிருந்து தானாக இறங்கினான். செருப்பையும் கழற்றினான்.

"அப்ப பொம்பளைங்களும் உள்ள வரக்கூடாதுதானே?" என்றான் கடைசி ஆசையாக.

"நாங்க ஆட வரலியேங்க. புளி எடுக்க வர்றோம். வேலை செய்யற எடத்துல இருந்தா வெதைக்கு சந்தோசம்" என்றாள் செந்தாமரை.

"அப்ப நாங்க எங்கதான் ஆடறது?"

"அதான் படிக்கட்டு காலியாத்தானே இருக்குது!" என்றாள் ரேணுகாதேவி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

ஆடித்தான் பார்த்தார்கள். படிக்கட்டில் பலகை நிற்கவில்லை. மாதையன் அடித்த காய் பலகையை விட்டு, படி படியாக இறங்கி, தெருவுக்குப் போனது. ஒரு ஆடு அதை மோந்து பார்த்தது. அரைமணி நேரத்தில் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளிலிருந்து ஹாலில் புளி வேலை நடந்தது. எட்டு வீட்டுப் பொம்பளைங்களும் மச்சானின் முதுகுப் பக்கம் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஒரு மூலையில் ஆடின. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. படிக்கட்டு பளபளவென்று இருந்தது. வட்டத்துக்கு நடுவில் கேரம் பலகை. புளியை அதன் மேல் குவித்து, கொட்டையை எடுத்து விரலால் சுண்டினால், நேராக மூலைக்குழிக்குள் போய் விழுந்தது. நாலு குழிக்குக் கீழேயும் நாலு டப்பா. ரேணுகாதேவி நாலு குழிக்கும் மாற்றி மாற்றி அடித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கணியம்பாடிப் போட்டியில் அவள் மட்டும் ஆடியிருந்தால் ஜீவானந்தத்துக்கு மூணாம் பரிசுதான்.

அவன் அதை எப்படிப் பார்த்தான் என்றால், பெருக்கும்போது பார்த்தான். தினமும் காலை ஆறு மணிக்குப் பெருக்கினான். சாயங்காலம் கடையைப் பாதியில் விட்டு ஓடிவந்து விளக்கு வைத்தான். கடைக்கு வருகிறவர்கள், "இன்னா பூசாரி, சார்ஜர் கீதா?" என்றார்கள். ஒரு ஆள் போனைக் கொடுக்கும்போதே கையை நீட்டித் திருநீறு கேட்டான்.

இப்படியே பங்குனியும் பிறந்துவிட்டது. ஒருநாள் மாணிக்கம்மாள் என்று ஒரு மலைக்கார அம்மா போனுக்குப் பேட்டரி மாற்ற வந்தது. விளக்கு வைக்க நேரமாச்சு, நாளைக்கு வாம்மா என்று ஜீவானந்தம் கதையைச் சொன்னான். அந்தம்மா வாயில் இருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து சிரித்தது.

"வெதக்கூடைக்கு வெளக்கா? இன்னா தம்பி சொல்றே? நானும் தேன்மரப்பட்டுதான். எங்க வூட்ல வெதக்கூடைக்கு நேர் கீழ படுத்துதான் எங்க வூட்டுக்காரரு கொறட்ட வுடறாரு."

"பெருக்கறது?"

"குப்ப இருந்தா பெருக்குவாங்க. அதுக்கும் வெதைக்கும் இன்னா?"

ஜீவானந்தம் கடை ஷட்டரை இழுத்துச் சாத்தினான். விளக்கு வைக்கவில்லை. தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று பைக்கை நேராகத் தேன்மரப்பட்டுக்கு விட்டான். மலை வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் தயார் பண்ணினான். 'என்னையா ஏமாத்தினே?' என்பது நாலாவது வளைவு. 'நாளைக்கு மூணு மணிக்கு ஹால் எங்களுக்கு' என்பது பதினோராவது.

மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சத்தம் போடாமல் எட்டிப் பார்த்தான். பார்த்தவனுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

கூரையில் வரிசையாக மூணு வெதக்கூடை தொங்கின. அதற்கு நேர் கீழே மாமனார் சடையன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு. வாயில் பீடி. தரையில் கரிக்கோடு போட்டு, தனக்குத்தானே தாயம் ஆடிக்கொண்டிருந்தார். தோற்றுக்கொண்டும் இருந்தார்.

"மாமா!"

"அட, வா மாப்ள. குந்து. ஒரு கை போடறியா?"

"வெதக்கூட கீழ பீடியா மாமா? தாயமா? வெத கருகாதா?"

"வெதைக்கு இன்னா கண்ணா தெரியுது?" என்று சடையன் புகையை மேலே ஊதினார். மூணு கூடையும் புகைக்குள் மறைந்து மறுபடி தெரிந்தன. ஒன்றும் ஆகவில்லை.

போதும்! ஜீவானந்தம் போனை எடுத்தான். கேமராவைத் திறந்தான். இந்த ஒரு போட்டோ இருந்தால் எட்டு வீட்டுக்கும் காட்டலாம். சாட்சி! மாமனார், பீடி, தாயம், மேலே கூடை, எல்லாம் விழுகிற மாதிரி ரெண்டடி பின்னால் போனான்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

சடையன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததை ஜீவானந்தம் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம். பீடி சாணிக்குள் போனது. செருப்பு கூரைக்கு மேல் போனது. தாயக்கட்டை மடிக்குள் போனது. கோடு காலால் அழிந்தது. போன் 'கிளிக்' என்றது. போட்டோவில் சடையன் துடைப்பத்தோடு குனிந்து, பக்தியாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா!" ஜீவானந்தம் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீங்களுமா?"

"மெதுவா பேசு" என்றார் சடையன், பெருக்கிக்கொண்டே. "முப்பத்தெட்டு வருசம் மாப்ள. கண்ணாலம் ஆன மூணாம் நாளு ஒரு கூடயக் குடுத்து மாட்டச் சொன்னா. மாட்டுனேன். இவ ஆத்தாளும் அப்டித்தானாம்."

"அன்னிக்கு நான் கூட வாங்க வந்தப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா!"

"எங்க மாமனாரு எங்கிட்ட சொன்னாரா? அவரும் அன்னிக்குப் பெருக்கிகினுதான் இருந்தாரு."

பெரியம்மாள் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். மருமகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்ள! வெளக்கு வெக்க வரலன்னதும் நீங்க இங்கதான் வருவீங்கன்னு செந்தா இப்பதான் போன் பண்ணிச்சி. கொள்ளு வெத ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன். உங்க கை ராசியான கைன்னு செந்தா சொல்லிச்சி. சாமைக்குப் பக்கத்துலயே மாட்டிடுங்க. சாமைய ஆனியில எறக்கிடலாம். கொள்ளு பொரட்டாசி வரைக்கும் இருக்கும்."

ஜீவானந்தம் பதினோரு வளைவு வசனத்தையும் தேடிப் பார்த்தான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீட்டின கைமேல் கூடை வந்து உட்கார்ந்தது. சாமைக்கூடையைவிடக் கனம்.

சடையன் பெருக்குகிற சாக்கில் குனிந்தபடியே மருமகன் காதுப் பக்கம் வந்தார்.

"தொடப்பம் வாங்கறப்ப ஈச்சமாறா கேட்டு வாங்கு மாப்ள. தென்னமாறுன்னா பொரட்டாசிக்குள்ள இடுப்பு போயிடும்."